அயல்நாட்டில் நம் வாணிகச் சின்னம்



கடைக்குப் போகும் பிள்ளையிடம், "மயில் படம் போட்ட கறித்தூளாகப் பார்த்து வாங்கி வா" என்று தாய் சொல்லியனுப்புகிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகூடப் படத்தைக் கண்டு சரியான பொட்டலத்தை எடுத்து வந்துவிடும். பொருளை இன்னாருடையது என்று காட்டும் அந்தப் படத்தையும் பெயரையுமே வாணிகச் சின்னம் என்கிறோம். கடைவீதியில் 'மார்க்கு' என்றும் மலாய் மொழியில் 'சாப்' என்றும் சொல்வது இதைத்தான்.

தோட்டப்புறத்துப் பெண்கள் பலர் கறித்தூள் அரைத்தும் முறுக்குச் சுட்டும் விற்கிறார்கள். உறவினர் வழியாக அவை ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போகின்றன. சரக்கோடு பெயரின் உரிமையும் எல்லை தாண்டுகிறதா? இல்லை. நம் அடையாள அட்டை இந்நாட்டில்தான் செல்லும்; எல்லையைக் கடக்கக் கடப்பிதழ் வேண்டும். சின்னமும் அப்படியே. மலேசியாவில் பதிந்த சின்னத்துக்கு மலேசியாவில்தான் காப்பு உண்டு.

இந்தத் தொல்லை பெரிய நிறுவனங்களுக்கும் வந்ததுண்டு. அமெரிக்காவின் 'பர்கர் கிங்' உணவகம் 1971இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. ஆனால் அடிலெய்டு நகரத்து உணவுக்கடை ஒன்று அந்தப் பெயரை முன்னரே தன் உரிமையாக்கி வைத்திருந்தது. ஆகவே பெர்த் நகரில் திறந்த முதல் கடைக்கு 'ஹங்ரி ஜாக்ஸ்' என்று வேறு பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. பின்னாளில் சொந்தப் பெயரில் சில கடைகள் திறந்து பார்த்தும் அது நிலைக்கவில்லை. இன்றும் அங்கே 'ஹங்ரி ஜாக்ஸ்' என்ற பெயரே வழங்குகிறது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில், மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் நம் சின்னத்தைப் பதிய வேண்டும். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கறித்தூள் 30ஆம் வகுப்பு. சோப்பு 3ஆம் வகுப்பு. 'நல்ல கறித்தூள்' என்பது போலப் பொருளை மட்டும் வருணிக்கும் பெயரைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். தமிழ் எழுத்தில் உள்ள பெயரையும் பதியலாம். அதன் ஒலிப்பையும் பொருளையும் எழுதித் தர வேண்டும்.

அடுத்து அயல்நாடு. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்நாட்டு அலுவலகத்திலேயே நேராக விண்ணப்பிப்பது. மற்றொன்று, மாட்ரிட் உடன்பாட்டு வழி. சிங்கப்பூர் 2000ஆம் ஆண்டிலும் மலேசியா 27.12.2019இலும் இதில் இணைந்தன. மைஐபிஓ வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். ஆயினும் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படியே ஆராயும். ஒரு நாடு ஏற்பதை இன்னொரு நாடு மறுக்கலாம். முதல் ஐந்தாண்டுகளுக்குள் இங்குள்ள மூலப் பதிவு விழுந்தால், அதைப் பற்றி நிற்கும் வெளிநாட்டுக் காப்பும் விழும். வேர் பட்டால் கிளையும் படும்.

இங்கே முதன்முதலாக விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பித்தால், முதல் விண்ணப்ப நாளையே முந்துரிமை நாளாகக் கோரலாம். இடையில் வேறொருவர் விண்ணப்பித்திருந்தாலும் நாமே முந்தியவராவோம்.

பதிந்ததோடு வேலை முடிவதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால், மலேசியாவில் மூன்றாண்டிலும் சிங்கப்பூரில் ஐந்தாண்டிலும் பதிவை நீக்கும்படி பிறர் கோரலாம். போலிச் சரக்கு வருகிறதா என்று நாம்தான் கண்காணிக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்றிதழே நமக்குத் துணை.

இன்னும் ஓர் எச்சரிக்கை. "உங்கள் சரக்கை அங்கே நாங்கள் விற்றுத் தருகிறோம்" என்று முன்வரும் முகவர், நம் சின்னத்தைத் தம் பெயரில் பதிந்துகொள்வதும் உண்டு. பிறகு நம் பொருளை நம் பெயரில் விற்க அவரிடமே அனுமதி கேட்டு நிற்க நேரும். ஆகவே சின்னம் யாருடையது என்பதை முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற்படிக்குச் செலவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பதிவான சின்னங்களை இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு இன்று மாலையே பார்ப்போம். முதல் பொட்டலம் பாலத்தைத் தாண்டுமுன் இதைச் செய்துவிடுவது நல்லது.