ஆண்டாள் ஊரில் ஓர் அபூர்வ இசை!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் தேரும் பால்கோவாவும்தான் நினைவுக்கு வரும். மார்கழியில் ஆண்டாள் கோயிலுக்குப் போனால் இன்னோர் அபூர்வத்தையும் காணலாம்... அரையர் சேவை!

தலையில் கூம்பு வடிவக் குல்லாய், கையில் குழித்தாளம். வேறு பக்கவாத்தியம் கிடையாது. பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, பொருளும் சொல்வார் அரையர். 'முத்துக்குறி'யில் காதலில் வாடும் மகள், தவிக்கும் தாய், முத்துகளை வைத்துக் குறி சொல்லும் கட்டுவிச்சி என எல்லாமே அவர் ஒருவர்தான்!

தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய 3 ஊர்களில்தான் இந்தக் கலை இன்றும் நிலைத்திருக்கிறது. பரம்பரையாகச் சில குடும்பத்தினரே பாடிவருகிறார்கள். பாடுவோர் குறைவு; பாசுரம் தெரிந்து கேட்பவர்களும் குறைந்துவிட்டால்?

இங்கேதான் நம் கையிலிருக்கும் செல்போன் உதவும். பக்கத்து ஊரான ராஜபாளையத்தையும் சேர்த்து, ஆர்வமுள்ள பத்துப் பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கலாம். சேவை நடக்கும் நாள், நேரத்தைக் கோயிலில் கேட்டுப் பகிரலாம். அன்று பாடப்படும் பாசுரத்தை அர்த்தத்தோடு முதல்நாளே அனுப்பினால், புதிதாக வருபவரும் ஒன்றிப்போவார். வீடியோ எடுக்கும் முன் அனுமதி கேட்பது முக்கியம்.

போனில் ஆயிரம் பேர் பார்ப்பதைவிட, எதிரே அமர்ந்து பத்துப் பேர் கேட்பதுதான் இந்தக் கலைக்குப் பலம். வரும் மார்கழியில் அந்தப் பத்துப் பேரில் நீங்களும் ஒருவராக இருங்களேன்!