கறிச்சோறு தின்றும் குட்டிக்குக் கால் வளைவது ஏன்?

‘ராஜபாளையம் குட்டி வாங்கி வந்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் கறிச்சோறுதான். வயிறு நிறையத் தின்கிறது. ஆனால், முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைந்துகொண்டே போகிறது. எழுந்து நிற்கவே யோசிக்கிறது. என்ன குறை வைத்தோம்?’

சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் என்று நாட்டு ரகக் குட்டிகளை ஆசையாக வாங்கி வளர்க்கும் வீடுகளிலிருந்து அடிக்கடி வருகிற கேள்வி இது. பட்டினி போட்ட வீட்டிலிருந்து இந்தக் கேள்வி வருவதில்லை. கறிக்கடையில் சொல்லிவைத்து, எலும்பில்லாத கறியாக வாங்கி, ஈரலும் சேர்த்து வேகவைத்துப் போடுகிற வீட்டிலிருந்துதான் வருகிறது.

காரணம் கறியில்தான் இருக்கிறது. 100 கிராம் எலும்பில்லாத கறியில் மணிச்சத்து சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். உரக்கடையில் கேட்டு வாங்குகிற அதே மணிச்சத்துதான், பாஸ்பரஸ் என்பார்கள். அதே கறியில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், 10 மில்லிகிராமைச் சுற்றித்தான் இருக்கும். ஈரலில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். நாய்க்கு வேண்டியதோ தலைகீழ் கணக்கு. மணிச்சத்து ஒரு பங்கு என்றால், சுண்ணாம்புச் சத்து ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை இருக்க வேண்டும்.

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவு குறைந்தால் தசை வேலை செய்யாது, இதயமும் தடுமாறும். அதனால் உடம்பு அதை எப்பாடுபட்டாவது சரிக்கட்டப் பார்க்கும். தீனியில் கிடைக்காதபோது, கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். குதிரில் நெல் தீர்ந்த வீடு விதைநெல்லில் கை வைக்கிற மாதிரிதான். அதனால் ரத்தப் பரிசோதனையில் சுண்ணாம்புச் சத்து சரியாக இருப்பதாகவே காட்டலாம். எலும்பு மட்டும் உள்ளுக்குள் மெலிந்து, ஒரு திண்ணை உயரத்திலிருந்து குதித்தாலே பச்சைக்குச்சி மாதிரி மடங்கிப் போகும்.

ஓநாயும் நரியும் கறி தின்றுதானே வாழ்கின்றன என்று தோன்றலாம். அவை எலும்போடு சேர்த்துத் தின்கின்றன. குட்டிக்குக் குத்திவிடுமே என்று எலும்பைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் போடுவது வீட்டு வழக்கம்.

ஒரு நாள் சட்டியின் கணக்கு

20 கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். காவலுக்குச் சுற்றி வருகிற அளவுக்கு நடமாட்டம் உள்ள நாய். அதற்கு ஒரு நாளைக்கு 300 கிராம் எலும்பில்லாத கோழிக்கறி, 170 கிராம் அரிசி, ஒரு கைப்பிடி பூசணி அல்லது கேரட், இரண்டு டீஸ்பூன் கடலெண்ணெய் என்று வேகவைத்தால் பசிக்குச் சரியாக இருக்கும். இந்தச் சட்டியில் மணிச்சத்து கிட்டத்தட்ட 800 மில்லிகிராம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து 80 மில்லிகிராம் தேறினால் அதிகம். நாய்க்குத் தேவை ஒரு கிராமிலிருந்து ஒன்றேகால் கிராம் வரை. வித்தியாசம் அவ்வளவு பெரிது.

பாலை ஊற்றிச் சரிசெய்ய முடியுமா? 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஒரு லிட்டர் ஊற்றினால்தான் கணக்கு நேராகும். அவ்வளவு பால் குடித்தால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கு எடுக்கும். கறக்கிற வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. கேழ்வரகு நல்ல தானியம்தான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால், தானியத்தில் உள்ள ஃபைட்டேட் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கஞ்சியில் விழுகிற மாவும் ஒரு கைப்பிடிதான். கேழ்வரகுக் கஞ்சி ஊற்றுகிறோம், கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

சரி, வேறு வழி? கோழி வளர்க்கிற வீட்டில் குப்பைக்குப் போகிற முட்டை ஓடுதான்.

முட்டை ஓட்டில் 90 சதவிகிதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட். ஒரு கோழிமுட்டை ஓடு 5 முதல் 6 கிராம் இருக்கும். அதிலிருந்து சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். மணிச்சத்து அதில் மிகக் குறைவு என்பதால், கறிச்சோற்றின் கோணலை நிமிர்த்த இதைவிடத் தோதான பொருள் கிடையாது. ஓடுகளைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாகக் காயவைக்க வேண்டும். வாணலியில் ஈரம் போக வறுத்து, மிக்ஸியில் அரைத்து, வஸ்திரகாயம் செய்ய வேண்டும். துணியில் சலிக்காமல் சில்லுச் சில்லாகப் போட்டால் அப்படியே சாணத்தோடு வெளியே வந்துவிடும். மேலே சொன்ன 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 3 கிராம் தூள், அதாவது தலைதட்டிய அரை டீஸ்பூன். ஒருமுறை மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் எடைபோட்டுப் பார்த்து, வீட்டு ஸ்பூனில் அது எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சோறு ஆறிய பிறகு பிசைந்து கொடுக்கலாம். 10 கிலோ நாய்க்குச் சரிபாதி என்று போடக் கூடாது. சிறிய உடம்புக்கு எடைக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தீனி வேண்டும். தீனி எவ்வளவு போகிறதோ அந்த அளவுக்குத்தான் தூளும்.

எலும்போடு போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கோழித்தலை, கழுத்து, கால் ஆகியவற்றைக் குக்கரில் வைத்து, விரலால் நசுக்கினால் எலும்பு மாவாகிற வரை வேகவிட்டுக் கொடுக்கிற வீடுகள் உண்டு. அதில் எலும்பே உள்ளே போய்விடுவதால் முட்டை ஓடு தேவையில்லை. அரைகுறையாக வெந்த கோழி எலும்புதான் ஆபத்து. ஊசியாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

சுண்ணாம்புச் சத்து என்று நம்பிக் கொடுப்பவை

எலும்பு சூப்பில் ருசி இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து மிகக் கொஞ்சம். எலும்பைக் கொதிக்கவைத்தால் அதிலிருந்து தண்ணீருக்கு இறங்குவது சொற்பம்தான்.

வெற்றிலைச் சுண்ணாம்பைச் சோற்றில் தடவிக் கொடுப்பது சில ஊர்களில் பழக்கம். நீற்றிய சுண்ணாம்பு வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும். உரக்கடை எலும்புத்தூள் பயிருக்கு வந்தது. தின்பதற்காகச் சுத்தம் பார்த்துத் தயாரித்தது அல்ல. மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையில் ஒரு சிட்டிகை போட்டால் என்ன என்று கேட்பவர்கள் நிறைய. அது அசைபோடும் கால்நடைக்காகக் கணக்குப் பார்த்துச் செய்தது. அதில் மணிச்சத்தும் சேர்ந்தே இருக்கும். ஏற்கெனவே மணிச்சத்து மிஞ்சிக் கிடக்கிற கறிச்சோற்றில் இன்னும் அதையே கொட்டுவானேன்?

மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கிற மாத்திரையை வாங்கினால் அட்டையை ஊன்றிப் படிக்க வேண்டும். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால், அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து 500 மில்லிகிராம்தான். அதோடு வைட்டமின் டி சேர்ந்திருக்கும். அந்த டி விஷயத்தில் விளையாடவே கூடாது. வாரத்துக்கு ஒன்று என்று மருத்துவர் மனிதர்களுக்கு எழுதித் தருகிற 60,000 யூனிட் பாக்கெட், 5 கிலோ குட்டியின் வயிற்றில் போனால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்துவிடும்.

‘வெயிலில்தானே கட்டிப்போடுகிறோம், டி தானாக வராதா?’ என்றும் கேட்கிறார்கள். மனிதர்களைப் போல நாயின் தோல் வெயிலில் போதுமான அளவு வைட்டமின் டி தயாரிப்பதில்லை. தீனியில் இருந்துதான் வர வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேகவைத்த முட்டை, மலிவாகக் கிடைக்கிற நாளில் மத்தி மீன், இவை ஓரளவுக்குக் கைகொடுக்கும்.

குட்டிக்கு ஏன் கைக்கணக்கு ஆகாது?

வளர்ந்த நாய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் குடலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தள்ளிவிடும். சுமார் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உள்ளே போனதில் பெரும்பங்கு உடம்பில் ஏறிவிடும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், அளவுக்கு மீறி சுண்ணாம்புச் சத்து தின்ற குட்டிகளுக்கும் எலும்பு வளர்ச்சி கோணலானது. குறைந்தாலும் கால் வளையும். மிஞ்சினாலும் கால் வளையும். வேகமாக உயரம் போடுகிற ராஜபாளையம் போன்ற ரகத்துக்கு இரண்டு பக்கமும் கவனம் வேண்டும்.

நடைமுறையில் நடப்பது என்ன? கடையில் குட்டித் தீனி பாக்கெட் வாங்குகிறார்கள். அதில் தேவையான சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. குட்டி கொடுத்தவர் ஒரு டானிக் பாட்டில் எழுதித் தருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் முட்டை ஓடு போடச் சொல்கிறார். மூன்றும் ஒன்றாகப் போகிறது. பாக்கெட் தீனி மட்டுமே தின்கிற குட்டிக்கு டானிக்கும் வேண்டாம், ஓடும் வேண்டாம். வீட்டுச் சமையல் மட்டும் தின்கிற குட்டிக்குக் கட்டாயம் வேண்டும்; தின்கிற அளவுக்குக் கணக்குப் பார்த்தால் வளர்ந்த நாயைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டும். அந்த அளவைக் குட்டியை எடைபோட்டுக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாதாமாதம் மாற்றவும் வேண்டியிருக்கும். வளரும் மாதங்களுக்கு மட்டும் நல்ல குட்டித் தீனியைப் பிரதானமாக வைத்துக்கொண்டு, வளர்ந்த பிறகு வீட்டுச் சோற்றுக்கு மாற்றுவது செலவு பிடித்தாலும் வம்பில்லாத வழி.

இன்னொன்று. சுண்ணாம்புப் பாங்கான நிலத்தில் நெல்லுக்குத் துத்தநாகம் எட்டாமல் போவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். நாயின் குடலிலும் அதே கதைதான். தானியச் சோற்றோடு சுண்ணாம்புச் சத்தை அள்ளிப்போட்டால் துத்தநாகம் உடம்பில் சேராது. கண், வாய் ஓரங்களில் முடி கொட்டிப் பொருக்குத் தட்டும். அதைச் சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள்.

குட்டி போட்ட தாய்க்கு வருகிற ‘பால் சுரம்’

கறவை மாடு கன்று ஈன்றதும் படுத்துவிடுகிற பால் சுரம் மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நாய்க்கும் அப்படி ஒன்று வரும். வருகிற விதம் வேறு. மாட்டுக்கு ஈன்ற ஓரிரு நாளில் வரும். உடம்பு ஜில்லிட்டுப் படுத்துவிடும். நாய்க்குப் பெரும்பாலும் குட்டி போட்ட முதல் நான்கு வாரத்துக்குள், பால் அதிகம் சுரக்கிற சமயத்தில் வரும், உடம்பு கொதிக்கும். ஓரிடத்தில் நிற்காமல் அலையும், மூச்சு வாங்கும், கால் விறைத்து மரக்கட்டை மாதிரி நடக்கும், நடுக்கம் எடுக்கும். பிறகு வலிப்பு. நாலைந்து குட்டி போட்ட பொமரேனியன் போன்ற சிறிய ரகங்களில் அதிகம்.

இது மணிக்கணக்கில் உயிரை எடுக்கக்கூடியது. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாயில் மெதுவாக மருந்து ஏற்றுவார்கள். நடுங்குகிற நாயின் வாயில் டானிக்கை ஊற்றினால் புரையேறிச் சாகும். மாட்டுக்கு வாங்கி வைத்த கால்சியம் பாட்டிலை வீட்டிலேயே குத்திப் பார்ப்பது அதைவிடக் கொடுமை.

சினையாக இருக்கும்போதே டானிக் ஊற்றினால் தடுக்கலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பலன் எதிராகத்தான் போகிறது. சினைக்காலத்தில் தாராளமாக வெளியிலிருந்து கிடைத்துவிட்டால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிற அந்தச் சுரப்பி சோம்பிவிடும். பால் சுரக்கிற வாரத்தில் திடீரென்று தேவை ஏறும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது. சினைக்கு அளவான தீனி மட்டும் போதும். கூடுதல் என்பது குட்டி போட்ட பிறகு, மருத்துவர் சொன்னால்.

சுண்ணாம்புச் சத்தைச் சரிசெய்ததோடு எல்லாம் முடிந்துவிடாது. அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், வளர்ந்த நாய்க்கான 200 வீட்டுச் சமையல் செய்முறைகளைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். 95 சதவிகிதச் செய்முறைகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. துத்தநாகம், செம்பு, வைட்டமின் டி, ஈ ஆகியவை வழக்கமாக விடுபடுகிறவை. நாய்க்கென்று வருகிற வைட்டமின், தாதுக் கலவை ஒன்றை மருத்துவரைக் கேட்டுச் சேர்ப்பது இதற்காகத்தான். வாரத்தில் ஒருநாள் கொஞ்சம் ஈரல் நல்லது. தினமும் ஈரலே போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சும். அயோடின் உப்பு ஒரு சிட்டிகை. வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைப்பவை. ஆகவே மிச்சக் குழம்பை ஊற்றுகிற பழக்கத்தை விட்டாக வேண்டும்; சின்ன வெங்காயம் இல்லாத குழம்பு ஏது?

கால் வளைந்துவிட்ட குட்டிக்கு முதல் வேலை, எக்ஸ்ரே வசதியுள்ள கால்நடை மருத்துவமனை. கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இயங்கும் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களில் இந்த வசதி உண்டு. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டு அதே சோற்றைத் தொடர்ந்தால் எலும்பு கூடாது. தீனி சரியானால், சின்ன வயதுக் குட்டிகள் சில வாரங்களிலேயே வலி தெளிந்து நடக்க ஆரம்பிக்கும். அதுவரை ஓடவிடாமல், குதிக்கவிடாமல், வழுக்காத மண் தரையில் சாக்கு விரித்துப் படுக்கவைக்க வேண்டும். வளைவு எவ்வளவு நிமிரும் என்பது எத்தனை மாதத்தில் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. பெட்டைக் குட்டி என்றால், கால் நிமிர்ந்த பிறகும் இடுப்பெலும்பை ஒருமுறை எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்ல வேண்டும். அது குறுகியிருந்தால் குட்டி போடும்போது சிக்கலாகும். அந்தப் பெட்டையை இனவிருத்திக்கு விடாமல் இருப்பதே நல்லது.