முதல் கப்பல் பயணமா? கயிறு அவிழும் முன் கேளுங்கள்!

‘கப்பலில் போய் வந்தவர்’ என்று ஒருவரைச் சொன்னால், நம் வீட்டு முதியவர்களின் எண்ணம் ஹஜ்ஜை நோக்கித்தான் செல்லும். பம்பாய்த் துறைமுகத்தில் ‘அக்பர்’, ‘நூர்ஜஹான்’ போன்ற கப்பல்களில் ஏறி, ஏறத்தாழ ஒரு வாரம் அலைகளின் மேல் கிடந்து, ஜித்தாவில் இறங்கிய தலைமுறை அது. 1995-உடன் ஹஜ் கப்பல்கள் நின்றன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘ரஜூலா’வும், அதன் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டன. அன்று கப்பல் ஏறியவர் கடமைக்காக ஏறினார். அல்லது பிழைப்புக்காக ஏறினார்.

இன்று நிலை வேறு. எங்கும் போய்ச் சேருவதற்காக அல்லாமல், கப்பலில் இருப்பதற்காகவே கப்பல் ஏறும் காலம் வந்திருக்கிறது. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டு, வேறு பெயர்களில் பிற கடல்களில் ஓடிய பழைய கப்பல்தான். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் சென்று வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இத்தகைய கப்பல் கிழக்குக் கரைக்கு வருகிறது. மற்ற மாதங்களில் மேற்குக் கரைக்குத் திரும்புகிறது. எந்தத் துறையிலிருந்து எப்போது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் செய்தி.

விளம்பரங்களில் ‘குடும்பத்தோடு வாருங்கள்’ என்ற அழைப்பு தவறாமல் இருக்கும். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இப்பால், மலைகளுக்கு நடுவே வாழும் நமக்குக் கடலே அரிய காட்சி. பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு விடமாட்டார்கள். வெளிநாட்டில் உழைத்து விடுமுறையில் வரும் அத்தாவுக்கும் பிள்ளைகளின் ஆசையைத் தட்ட மனம் வராது. போகலாம், தவறில்லை. ஆனால் பேருந்துப் பயணம் போல, பிடிக்காவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளும் வசதி இதில் கிடையாது. ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் கரையிலேயே, பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

முதற் கேள்வி பணம் பற்றியது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் தொகை, பெரும்பாலும் ஓர் அறையை இருவர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதன் மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., பணியாளர்களுக்கான சேவைத் தொகை ஆகியவை சேரலாம். உணவு கட்டணத்தில் அடங்கும். ஆனால் எல்லா உணவகமும் அடங்காது. குளிர்பானம், இணைய வசதி, புகைப்படம், துறைமுகங்களில் ஊர் சுற்றிக் காட்டுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பணம் கேட்பது இத்தொழிலின் வழக்கம். எனவே முகவரிடம், “நாங்கள் ஐந்து பேர், அனைத்தும் சேர்த்து இறுதித் தொகை எவ்வளவு?” என்று கேட்டு, எழுத்திலேயே வாங்குங்கள். பயணத்தை நிறுத்தினால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே தாளில் கேளுங்கள். கப்பலுக்குள் ரொக்கம் புழங்குவது குறைவு. அட்டையைக் காட்டிக் கையொப்பமிடுவதால் செலவானதே தெரியாது. நாள்தோறும் இரவில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ‘இப்போது பயணம், பிறகு தவணை’ என்னும் அழைப்புகளில் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் ஆராயுங்கள். மூன்று நாள் மகிழ்ச்சிக்காக மூன்று ஆண்டுகள் வட்டி கட்டுவது எந்த வகையிலும் நமக்கு ஆகாது.

அடுத்து, ‘குடும்பக் கப்பல்’ என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு விளையாட்டு அறை உண்டு என்பதே அதன் பொருள். மதுவும் சூதாட்டமும் இல்லை என்பதன்று. 2022 ஜூனில் இந்தக் கப்பலுக்குப் புதுச்சேரியில் நிற்க அனுமதி கிடைக்காததற்கு, அதிலிருந்த சூதாட்டக் கூடம் பற்றிய எதிர்ப்பு பெருங்காரணமாயிற்று. பின்னர் 2025 ஜூலையில்தான் அது அங்கே வந்தது. இவை தனிக் கூடங்களில்தான் நடக்கும். யாரும் நம்மைக் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. என்றாலும், அறை எந்தத் தளத்தில் இருக்கிறது, மதுக்கூடத்தையும் நடனக் கூடத்தையும் கடந்துதான் போக வேண்டுமா என்று கப்பலின் வரைபடத்தைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுக்கலாம். வளர்ந்த பிள்ளைகளிடம், இன்ன இடங்களுக்கு நாம் செல்வதில்லை என்று வீட்டிலேயே பேசிவிடுங்கள். அங்கே போய்க் கண்டிப்பதைவிட அது எளிது.

ஹலால் உணவு பற்றிய கேள்விக்கு, “எல்லாம் கிடைக்கும் பாய்” என்ற பதில் போதாது. இறைச்சி எங்கிருந்து வாங்கப்படுகிறது, சான்று உண்டா, பன்றி இறைச்சி சமைக்கும் பாத்திரமும் எண்ணெய்ச் சட்டியும் தனியா என்று மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் பதில் கையில் இருக்கும். 2022-இல் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கிய ‘ஜென்டிங் டிரீம்’ போன்ற கப்பல், இஸ்லாமிய நாடுகளின் தர அமைப்பு வகுத்த விதிகளின்படி சான்றே பெற்றது. ஆகவே இப்படிக் கேட்பது புதுமையுமன்று, தொல்லையுமன்று. திருப்தியான பதில் வராவிட்டால் மீனும் சைவமும் இருக்கின்றன. ஆனால் அங்கும் கண் வேண்டும். ஆடும் தளதளப்பான இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். சில மேனாட்டுக் குழம்புகளிலும் கேக்குகளிலும் ஒயின் சேர்ப்பார்கள். பரிமாறுபவரிடம் கேட்டால் சமையற்காரரிடம் விசாரித்துச் சொல்வார். வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுபோகும் உணவைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. பால்மாவு, பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் ஆகியவற்றுக்குத் தடை இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள். மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, குட்டி ரைஸ் குக்கர் ஆகியவற்றை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கடல் நடுவே தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது அல்லவா?

தொழுகையைப் பொறுத்தவரை, கப்பலில் சந்திக்கும் முதல் சிக்கல் கிப்லா. வங்கக் கடலிலிருந்து கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. ஆனால் உங்கள் அறையின் எந்தச் சுவர் மேற்கு? மஃரிபில் கட்டிலின் பக்கம் இருந்த மேற்கு, கப்பல் திரும்பியபின் ஃபஜ்ரில் கதவின் பக்கம் வந்துவிடும். இரும்புக் கூட்டுக்குள் கைப்பேசியின் திசைகாட்டியும் தடுமாறும். அஸரின்போது மேல்தளத்திற்குச் சென்று சூரியனைப் பார்த்துக் கப்பலின் முகம் எத்திசையில் என்று அறிந்துகொள்ளலாம். அல்லது வரவேற்பு மேசையில் கேளுங்கள், சொல்வார்கள். உளூ செய்யும்போது கவனம் தேவை. குளியலறை மிகச் சிறியது, தரை ஆடும். காலைத் தூக்கிக் கைகழுவும் தொட்டியில் வைத்துக் கழுவினால் வழுக்கி விழ நேரும். குளிக்கும் இடத்திலேயே நின்று கால்களைக் கழுவிக்கொள்ளுங்கள். கழிவறையில் கைக்குழாய் இல்லாத கப்பல்களும் உண்டு. ஒரு சிறு குவளை பெட்டியில் இருக்கட்டும்.

பயணி என்ற முறையில் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கி இரண்டாகத் தொழுவது பற்றி அறிவீர்கள். சேர்த்துத் தொழுவதில்தான் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் பயணிக்கு ஜம்உ அனுமதி உண்டு. ஹனபி மத்ஹபில் இத்தகைய பயணத்தில் இல்லை. நம் பகுதியில் இரு மத்ஹபினரும் இருப்பதால், புறப்படும் முன் பள்ளி இமாமிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். தலைசுற்றலால் நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம்.

தலைசுற்றல் என்றதும் நம் மலைப்பாதைகள் நினைவுக்கு வருகின்றன. குமுளிக்கோ போடிமெட்டுக்கோ ஏறும்போது உங்கள் வீட்டில் யார் வாந்தி எடுப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அவரே கப்பலிலும் அவதிப்படக்கூடும். மலைப்பாதையிலாவது வண்டியை ஓரம் கட்டச் சொல்லலாம். அத்தகையோர் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முனையிலும் உச்சித் தளத்திலும் அதிகம். மயக்கம் வந்தால் அறைக்குள் முடங்காமல், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு தொலைவில் வானும் கடலும் சேரும் கோட்டைப் பார்ப்பது பலன் தரும். இஞ்சி சிலருக்கு இதம் அளிக்கிறது. ‘அவோமின்’ போன்ற மாத்திரைகளைக் குமட்டல் தொடங்கிய பின் விழுங்குவதில் பயன் குறைவு. முன்கூட்டியே உண்ண வேண்டும். அவை தூக்கம் வருவிக்கும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து உண்ணும் நன்னிக்கும், கருவுற்ற பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கர்ப்பம் 24 வாரங்களைக் கடந்தவரையும் ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தையையும் பல கப்பல்கள் ஏற்றிக்கொள்வதில்லை. முன்பதிவின்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

நம் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆதாரில் ‘முகமது’, பள்ளிச் சான்றிதழில் ‘முஹம்மது’, பயணச் சீட்டில் ஆங்கில எழுத்துக்கள் வேறு மாதிரி! ஓரிடத்தில் முன்னெழுத்து, இன்னோரிடத்தில் அத்தா பெயர் முழுமையாக. வீட்டில் சிரிப்புக்குரிய இச்செய்தி, துறைமுகச் சோதனையில் கண்ணீருக்குரியதாகிவிடும். எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து சீட்டில் இருக்க வேண்டும். இலங்கை போன்ற வெளிநாட்டுப் பயணமெனில் குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அது இன்னும் ஆறு மாதமாவது செல்லத்தக்கதா என்று பாருங்கள். முகத்தை மறைக்கும் சகோதரிகள், சோதனையில் பெண் அதிகாரி வேண்டுமென்று தயங்காமல் கேட்கலாம்.

போடியிலிருந்து ஆண்டிபட்டி வழியே சென்னை சென்ட்ரலுக்கு 2023 ஜூன் முதல் வாரம் மும்முறை இரவு ரயில் ஓடத் தொடங்கியது. சென்ட்ரலிலிருந்து துறைமுகம் அருகில்தான். ஆயினும் கப்பல் புறப்படும் அன்றைய காலையில் போய் இறங்குவது ஆபத்து. ரயில் தாமதமானால் கப்பல் காத்திராது, பணமும் திரும்பாது. ஒரு நாள் முன்னதாகச் சென்று உறவினர் வீட்டில் தங்குங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகும். எனவே மருந்து, குழந்தைக்குப் பால், முஸல்லா, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஏறியதும் ஆபத்துக்காலப் பயிற்சிக்கு அழைப்பார்கள். பலர் இதைச் சடங்காக எண்ணி அறையில் படுத்துவிடுகின்றனர். இது மட்டும் கூடாது. 2012 ஜனவரி 13-ஆம் நாள் இத்தாலிக் கரையருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். புறப்பட்டு 24 மணி நேரத்திற்குள் பயிற்சி அளித்தால் போதும் என்பது அன்றைய விதி. அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சி நடக்கும் முன்னரே விபத்து நடந்துவிட்டது. அதன் பிறகு, கப்பல் புறப்படும் முன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி அளித்தாக வேண்டும் என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டு 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு குறுகிய ஒலி, தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. இதுவே ஆபத்து அறிவிப்பு. இதைக் கேட்டால் எங்கே கூட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் வாயால் சொல்லச் செய்யுங்கள். குழந்தையின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று அப்போதே கேட்டு வாங்குங்கள். மின்தூக்கியைப் பயன்படுத்தாமல் படிக்கட்டு வழியே ஒரு முறை நடந்து பார்த்துவிட்டால் நன்னிக்கும் வழி பழகிவிடும்.

பால்கனி அறையில் நாற்காலியைக் கம்பியருகே போடாதீர்கள், குழந்தை ஏறிவிடும். நீச்சல் குளத்தில் காவலர் இருப்பார் என்று நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவும் கூடாது. பல கப்பல்களில் காவலர் இருப்பதில்லை. பருத்தி ஆடையுடன் குளத்தில் இறங்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடை அனுமதிக்கப்படுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். உணவுக்கு முன் சோப்பும் நீரும் கொண்டு கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி, கைக்குத் தடவும் மருந்துத் திரவத்திற்கு எளிதில் சாவதில்லை. கையால் உண்ணும் நமக்கு இது இன்னும் முக்கியம்.

கரை மறைந்ததும் கைப்பேசியை விமானப் பயணத்திற்குரிய நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிடில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை அது தானே பிடித்துக்கொள்ளும். பெருந்தொகை பில்லாக வரும். ‘இரண்டு நாள் பேச இயலாது, பயப்பட வேண்டாம்’ என்று ஊரில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். விசாகப்பட்டினம் போன்ற துறைகளில் இறங்கினால், கடற்கரையில் இருக்கும் ‘குர்சுரா’ நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் திரும்பிவர வேண்டிய நேரத்தைக் கப்பல் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்திற்குத் திரும்பிவிடுங்கள்.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டிய ஆடையையும் சேர்த்துக் கட்டிவிட்டு விழிப்பவர் பலர்! அன்றிரவே கணக்குச் சீட்டை வரி வரியாகப் பாருங்கள். வாங்காத பொருள் ஏறியிருந்தால் இறங்கும் முன்பே சொன்னால்தான் தீரும். ஊர் திரும்ப இரவு வண்டிக்கே முன்பதிவு செய்யுங்கள். வீடு வந்த பின்னும் ஓரிரு நாள் தரை ஆடுவது போலவே தோன்றும். அது தானே மறைந்துவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.