மழை நகரில் தோட்டத் தளம்

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று 20 சதுர மீட்டர் முற்றமொன்றில் விழுந்த நீர் ஏறத்தாழ 19,000 லிட்டர். முற்றம் முழுவதும் சிமெண்டு பூசப்பட்டிருப்பின் இந்நீர் மண்ணுள் இறங்க வழியில்லை. சாக்கடை நிரம்பியபின் வீட்டினுள் புகும். ஆகவே இந்நகரில் தோட்டத்துக்குத் தளம் தேர்ந்தெடுப்போர் நிறத்தையும் விலையையும் பார்க்குமுன், நீர் போகும் வழியைப் பார்த்தல் வேண்டும்.

கற்களில் முதலாவது உள்ளூர்க் கறுப்புக் கல். தமிழ்நாட்டினர் கருங்கல் என வழங்கும் கிரானைட்டு வகை அன்று இது, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டுக் கல். தேய்மானம் குறைவு, வெயிலில் மிகச் சூடேறுவதொன்றே இதன் குறை. கருநாடகத்தின் ஷாகாபாத் கல்லும் ஆந்திரத்தின் கடப்பைக் கல்லும் பலகையாகப் பிளந்து கிடைப்பதால் பாவுதற்கு எளியவை. ஆயினும் இவை சுண்ணாம்புக் கற்கள், அமிலத்துக்கு இளகுபவை. கல்லின்மீது எலுமிச்சைச் சாறு சில துளி விட்டுப் பார்த்தால் சிறு குமிழிகள் எழும். துடைத்தபின் மங்கிய கறை தங்கும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். எவ்வகைக் கல்லாயினும் மெருகிட்ட பக்கத்தை மேலே வைத்தல் தவறு. ஆடி மாதப் பாசியில் முதியோர் வழுக்கி விழுவது பெரும்பாலும் அத்தகைய தளங்களிலேதான்.

சிமெண்டுக் கட்டைகளும் நன்றே. 2006-இல் வெளியான ஐ.எஸ். 15658 தரவிதி, வண்டி செல்லாத இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனம் போதும் என்றது.

மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் பழைய வீட்டு முற்றங்களில் செய்யத்தக்க முறை இது: மண்ணை இறுகத் தட்டி, 10 சென்டிமீட்டர் உடைகல்லும் அதன்மேல் 3 சென்டிமீட்டர் பருமணலும் பரப்பிக் கல் பாவுக. இடைவெளிகளை மணலாலேயே நிரப்புக. சிமெண்டுச் சாந்து இட்டால் முன்செய்த வேலை வீண். மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு சுவரைவிட்டு விலகிச் செல்லுதல் வேண்டும்.

தாராவியின் நிலை வேறு. மித்தி ஆற்றை அடுத்த பழைய சதுப்பு நிலமாதலால், மழைக்காலத்தில் மண்ணே நீர் நிறைந்து நிற்கும். மணல் இடைவெளி அங்கு அதிகம் உதவாது. வாயிற்படியருகே ஒரு சாண் அகல முற்றமே உள்ளதெனினும், அதன் ஓரத்தில் திறந்த சிறு வாய்க்கால் அமைத்துச் சாக்கடையுடன் சேர்ப்பதே தக்கது.

முற்றத்தில் மாவோ தென்னையோ இருப்பின், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வரை எதுவும் பாவலாகாது. வேர்களுக்குக் காற்றும் வேண்டும். டில்லியில் மரங்களைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குச் சிமெண்டைப் பெயர்த்தெடுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது. அவ்விடத்தில் சருகு பரப்பலாம். சரளையும் ஆகும், ஆனால் மழையில் அது இடம் பெயராதபடி சுற்றிலும் ஒரு வரிசைச் செங்கல் பதித்தல் வேண்டும்.