வாவிக்கரைக் கூடுகள்

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீட்டர் நீளமுடையது. கிழக்கே கடலையொட்டிய மணற்பாங்கான எழுவான்கரை, மேற்கே வயலும் குளமுமான படுவான்கரை, நடுவே கண்டல் மரங்களும் சேற்றுத் திட்டுகளும் சிறு தீவுகளும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை வாவியை நிரப்பும். பங்குனிக்குப் பின் வெயில் ஏற ஏற நீர் வற்றி, கரையோர மண் வெளிப்படும். எந்தப் பறவை எங்கே, எப்போது முட்டையிடும் என்பதைப் பெரும்பாலும் இந்த நீர்மட்டமே தீர்மானிக்கிறது.

வற்றிய திட்டுகள் தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு உரியவை. ஆக்காட்டி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா, உப்புக்கொத்தி ஆகியவை இவ்வகையின. காலாலும் நெஞ்சாலும் மண்ணைத் தேய்த்து உண்டாக்கிய ஆழமற்ற குழியே கூடு; ஓரத்தில் சில சிப்பித் துண்டுகளோ கற்களோ இருக்கலாம். மண்ணிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும் முட்டைகளை இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்டுபிடிப்பது கடினம். ஆக்காட்டி வழக்கமாக நான்கு முட்டை இடும். கூரிய முனைகள் உள்நோக்கி இருக்குமாறு அவை அமைவதால், ஒரு பறவையின் வயிற்றுக்கு அடியில் நான்கும் அடங்கிவிடும்.

திறந்த வெளியில் அடைகாக்கும் பறவைக்குப் பெரிய சவால் வெப்பமே. கருவின் வளர்ச்சிக்கு ஏற்றது 37, 38 பாகை செல்சியஸ். அதைவிடச் சில பாகை கூடி நீடித்தால் கரு இறந்துவிடும். நண்பகல் மணல் இதனினும் சூடானது. அதனால் ஆக்காட்டி தண்ணீரில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது; எழுந்து நின்று தன் உடலாலேயே நிழல் தருகிறது. ஏறத்தாழ நான்கு வாரத்தில் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் மென்தூவியோடு கண் திறந்தே பிறந்து, சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கும். ஆபத்து வந்தால் உப்புக்கொத்தி சிறகொடிந்ததுபோல் தரையில் இழுபட்டு, எதிரியைக் கூட்டிலிருந்து அப்பால் அழைத்துச் செல்லும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் உப்புக்கொத்தி வகையொன்று, அனுமன் உப்புக்கொத்தி என்னும் தனி இனமாக 2023இல் அங்கீகரிக்கப்பட்டது.

மரத்தில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் வழி வேறு. நீர்க்காகம், கொக்கு, வக்கா, கூழைக்கடா ஆகியவை நீர் சூழ்ந்த மரங்களில் கூட்டமாகக் குச்சிக் கூடு கட்டும். அடியில் நீர் நிற்கும்வரை நாயும் கீரியும் எளிதில் நெருங்கா. இவற்றின் குஞ்சுகள் பிறக்கும்போது வலுவற்றவை. கூழைக்கடாக் குஞ்சு மூன்று மாதத்துக்கு மேல் பெற்றோரைச் சார்ந்திருக்கும். மழை தந்த மீன் வளம் அத்தனை காலமும் குறையாதிருக்க வேண்டும். இதே கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே, சுமார் 200 ஹெக்டேர் பரப்புள்ள குமண வில்லு என்னும் சதுப்பு ஏரி இத்தகைய கூட்டுக் குடியிருப்புகளுக்குப் பேர்பெற்றது. மீன்கொத்திகளோ மண்கரைகளில் நீண்ட வளை தோண்டி, அதன் உள் முனையில் முட்டையிடுகின்றன.

கூடுகளைப் பார்க்க விரும்புவோருக்கு முதல் விதி தூரம். பறவை அடைகாப்பதை விட்டு எழுந்தாலோ, தலைக்கு மேல் கத்திச் சுற்றினாலோ, சிறகொடிந்ததாக நடித்தாலோ பார்ப்பவர் எல்லை மீறிவிட்டார் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும். பெற்றோர் எழுந்த அந்தச் சில நிமிடங்களில் வெயில் முட்டையைச் சுட்டுவிடும், அல்லது காகம் தூக்கிவிடும். எனவே காலையும் மாலையுமே ஏற்ற நேரம். தொலைநோக்கியோடு ஓரிடத்தில் அமர்ந்திருப்பதே ஏற்ற முறை. தோணியில் செல்வோர் கூட்டு மரங்களுக்கு அடியில் போகாமல் விலகிச் செல்ல வேண்டும். கூட்டின் படத்தை இடம் குறிப்பிட்டுப் பகிர்வதும் ஆளைக் கூட்டும்.

1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையின் பெரும்பாலான பறவைகளுக்கும் அவற்றின் முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் பாதுகாப்பளிக்கிறது. ஆனால் தரையில் கிடக்கும் முட்டையை அறியாமல் மிதிக்கும் காலைச் சட்டத்தால் தடுக்க முடியாது. வாவிக்கரையில் தங்குமிடம் நடத்துவோர் கூடு கட்டும் மாதங்களில் நாய்களைக் கட்டிவைத்து, மணல் திட்டுகளைச் சுத்தப்படுத்தாமல் விட்டு, விருந்தினரின் நடைபாதையை நீரோரத்திலிருந்து தள்ளி அமைத்தால், தரைக்கூடுகளில் பல தப்பிக்கும்.