நோய் காட்டும் மென்பொருளுக்கு வயற் பரீட்சை

விதையை வாங்கியவுடன் அதன் முளைப்புத் திறனைச் சோதித்தறிந்த பின்னரே நாற்றங்காலில் விதைப்பது நல்ல குடியானவர்களின் வழக்கம். இலையைப் படம் பிடித்தால் பயிரின் நோயைச் சொல்லிவிடும் என்று விளம்பரம் செய்யப்படும் கைப்பேசி மென்பொருள்களையும் அவ்வாறே சோதித்துக்கொள்ளுதல் அவசியம். நோயைத் தவறாக அறிந்து மருந்து தெளித்தால், மருந்தின் விலையும் கூலியும் வீணாவதோடு, உண்மையான நோய் அதற்குள் வயலெங்கும் பரவிவிடும்.

இவ்விஷயத்தில் 2016-ம் வருஷத்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி தக்க பாடமாகும். மோகந்தி, ஹியூஸ், சலாத்தே என்னும் மூவர், 'பிளாண்ட்வில்லேஜ்' என்னும் தொகுப்பிலுள்ள 54,306 இலைப் படங்களைக் கொண்டு, 14 பயிர்களையும் 26 நோய்களையும் கண்டறியுமாறு கணினியைப் பழக்கினார்கள். அதே தொகுப்பில், பழக்குவதற்கு உபயோகிக்காமல் ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் காட்டியபோது, நூற்றுக்கு 99-க்கு மேல் விடைகள் சரியாயிருந்தன. ஆனால் வேறு சூழ்நிலைகளில் எடுத்த படங்களைக் காட்டியபோதோ, நூற்றுக்குச் சுமார் 31 மாத்திரமே சரியாயின. இக்குறையை அவர்களே மறையாது வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

அத்தொகுப்பிலுள்ள இலைகள் பறிக்கப்பட்டு, வெறுந்தாளின்மேல் வைத்துப் படமெடுக்கப்பட்டவை. வயலிலோ வெயில், நிழல், மண், களை யாவும் படத்தில் சேர்ந்துவிடும். 2022-ல் வேறொருவர் செய்த சோதனையில், இலையைக் காட்டாமல் படத்தின் பின்னணியிலுள்ள 8 புள்ளிகளின் நிறத்தை மாத்திரம் கொடுத்தும், நூற்றுக்கு 49 விடைகள் சரியாயின. ஆகவே, கணினி கற்றதில் ஒரு பங்கு இலையைப் பற்றியதன்று. தாளையும் வெளிச்சத்தையும் பற்றியதே என்பது விளங்கும்.

மேலும், 100 இலைகளில் 5 மாத்திரமே நோயுற்றிருக்குமாயின், எல்லாவற்றையும் 'நோயில்லை' என்று சொல்லும் மென்பொருளும் நூற்றுக்கு 95 பெற்றுவிடும். அதனால் பயன் யாதுமில்லை.

ஆகையால் குடியானவர்கள் செய்ய வேண்டியவை:

1. எந்தப் பயிரில், எவ்விடத்து வயலில், யார் சோதித்தார்கள் என்று விற்பவரைக் கேட்கவும்.

2. தம் வயலில் நோயுற்றவையும் நோயற்றவையுமாக 50 இலைகளுக்கு எண்ணிட்டு, செடியிலிருக்கும்போதே படமெடுத்து, மென்பொருளின் விடைகளை எழுதி வைக்கவும்.

3. அவ்விடைகளைக் காட்டாமல், அதே இலைகளை விவசாய அதிகாரியிடம் காண்பித்து, அவர் கூறுவதோடு ஒப்பிடவும். நோயுற்றவற்றையும் நோயற்றவற்றையும் தனித்தனியே கணக்கிடவும்.

இதற்குச் சிறிது சிரமமே உண்டு. இக்கணக்கில் தேறாத மென்பொருளின் சொல்லை நம்பி மருந்து தெளிக்கலாகாது.