ரப்பர் பாலுக்கு இரண்டு எடை

பேரூர்க்கடையில் டீ குடிக்க உட்கார்ந்தால் டீ போடுபவரின் கையைக் கவனியுங்கள். பால் கெட்டியாக இருந்தால் தண்ணீரைக் கூட்டுவார், நீர்த்திருந்தால் குறைப்பார். அதே ஊரில் 1969 ஏப்ரலில் ஆணுறை உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ், இன்றைய எச்எல்எல் லைஃப்கேர், போன்ற ஆலைகளுக்கும் இதே பாடுதான். அங்கே பால் என்பது ரப்பர் பால்.

குலசேகரத்து ரப்பர் விவசாயிக்கு இது புதிதல்ல. மழைக்காலத்துப் பாலில் தண்ணீர் கூடும் என்பதால், பாலாக விற்கும்போது டிஆர்சி, அதாவது உலர் ரப்பரின் விழுக்காடு, பார்த்துத்தான் காசு. மையவிலக்கில் கடைந்து ஆலைக்கு வரும் பால் ஏறத்தாழ 60 விழுக்காடு. ஆனால் பீப்பாய்க்குப் பீப்பாய் கொஞ்சம் மாறும்.

அந்தக் கொஞ்சம் என்ன செய்யும்? ஒரு வேலைக்கு 600 கிலோ உலர் ரப்பர் வேண்டும். 60 விழுக்காடு என்று வைத்து 1000 கிலோ பால் ஒதுக்குகிறார்கள். செலவானது 990 கிலோ. பத்து கிலோ மிச்சம் என்று பதிவேடு சொல்கிறது. ஆனால் வந்த பால் 61.5 விழுக்காடு. அப்படியானால் சுமார் 976 கிலோ போதும். உண்மையில் 14 கிலோ பால், உலர் ரப்பராக 9 கிலோ, கூடுதலாகப் போயிருக்கிறது. மிச்சம் என்று எழுதிய இடத்தில் இருப்பது விரயம்! கந்தகம் முதலிய சரக்குகளையும் 100 கிலோ உலர் ரப்பருக்கு இத்தனை என்றே சேர்ப்பதால், டிஆர்சி தவறினால் கலவையின் விகிதமும் தவறும்.

ஆய்வு எளிது. பத்து கிராம் பாலை நீர்க்கச்செய்து, அசிட்டிக் அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக அழுத்தி, 70 டிகிரியில் உலர்த்தி எடை போடுவார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ரப்பர் துகள் தண்ணீரைவிட லேசானது. அசையாமல் நின்ற பீப்பாயில் மேலே ஏறிவிடும். கலக்காமல் மேலாக மொண்டால் எண் பொய் சொல்லும்.

வீரியம் மாறும் எந்தச் சரக்கைக் கையாண்டாலும், பதிவேட்டில் எடைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி இழுங்கள்: அந்தப் பீப்பாயின் ஆய்வு எண்ணால் பெருக்கிய எடை. நட்டத்துக்கு ஒரு தொழிலாளியைக் கேள்வி கேட்கும் முன் அந்தப் பத்தியைப் பாருங்கள்.